நல்லெண்ணமும் நான்கு பத்திக் கட்டமும்: வளர்ச்சிப் பணியைப் பகடி நாவலாக்குவது

வெளிநாட்டு வளர்ச்சித் திட்டங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தாகிவிட்டது. கையில் டைரிகளும் பழைய மின்னஞ்சல்களும் இருக்கின்றன. இவற்றைப் பகடி நாவலாக்க முடியுமா, எங்கே தொடங்குவது என்பது கேள்வி. முடியும். ஆனால் இந்த வகைக் கைப்பிரதிகளில் பெரும்பாலானவை ஒரே பள்ளத்தில்தான் விழுகின்றன. நண்பர்களிடம் சொல்லிச் சிரித்த சம்பவங்களை வரிசையாக அடுக்கி, ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி, நாவல் என்று அட்டையில் போட்டுவிடுகிறார்கள். முதல் நாற்பது பக்கம் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு, அடுத்த பக்கத்தைப் புரட்ட வாசகருக்கு எந்தக் காரணமும் இருக்காது. சம்பவங்கள் நாவலாவதில்லை. அந்தச் சம்பவங்களை நடக்கவைத்த இயந்திரம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் நாவல் வரும்.

அந்த இயந்திரம் எளிமையானது. கடையில் பொருள் வாங்குபவர் காசு கொடுக்கிறார். பொருள் சரியில்லை என்றால் மறுபடி வரமாட்டார். வளர்ச்சித் திட்டத்தில் காசு கொடுப்பவர் ஒரு கண்டத்தில் இருக்கிறார், பொருளைப் பயன்படுத்துபவர் இன்னொரு கண்டத்தில் இருக்கிறார். இருவரும் சந்திப்பதே இல்லை. நடுவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் காசு கொடுப்பவரைத் திருப்திப்படுத்தினால் போதும். அதற்கு அவர்களிடம் இருக்கும் ஒரே கருவி அறிக்கை. ஆகவே அறிக்கைக்குள் ஓர் உலகம் வளர்கிறது, வெளியே இன்னோர் உலகம் கிடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் உங்கள் நாவல் நடக்கும் இடம். யாரும் முட்டாளாக இருக்கத் தேவையில்லை. ஒவ்வொருவரும் தம் இடத்திலிருந்து சரியான முடிவையே எடுக்கிறார்கள், கூட்டிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் வருகிறது. இது கையில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் வேலைதான்.

நிஜத்தில் நடந்த இரண்டு திட்டங்களை இந்தக் கண்ணால் பாருங்கள். கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையில் நார்வேயின் உதவியோடு ஒரு மீன் பதப்படுத்தும் ஆலை எழுந்தது. 1971இல் தொடங்கிய முயற்சி, செலவு சுமார் 2.2 கோடி டாலர். வறட்சியில் தவிக்கும் மக்கள், பக்கத்திலேயே மீன் நிறைந்த ஏரி, மீன்பிடித் தொழிலில் தேர்ந்த ஒரு கொடை நாடு. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடைக்காது. ஆனால் அங்குள்ளவர்கள் பெரும்பாலும் கால்நடை மேய்ப்பவர்கள். பாலைவனத்தில் மீனை உறையவைக்க ஆகும் மின்சாரமும் சுத்தமான நீரும் கட்டுப்படியாகவில்லை. ஆலை சில நாட்களே ஓடியது. 1980களின் வறட்சியில், அந்த ஏரியில் மீன்வளத்துக்குப் பேர்போன ஃபெர்கூசன் வளைகுடாவும் வற்றிப்போனது.

இரண்டாவது, தென்னாப்பிரிக்காவில் பிறந்த பிளேபம்ப். சிறுவர்கள் விளையாடும் சுழல் ராட்டினத்தை நிலத்தடிப் பம்போடு இணைத்தார்கள். பிள்ளைகள் விளையாட விளையாட மேலே தொட்டியில் நீர் ஏறும். 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. 2010க்குள் 4,000 பம்புகள், ஒரு கோடிப் பேருக்குத் தண்ணீர் என்பது இலக்கு. அதாவது பம்புக்கு 2,500 பேர். அத்தனை பேருக்கும் அடிப்படைத் தேவைக்கான நீர் கிடைக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் ராட்டினம் சுற்ற வேண்டும் என்று 2009இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இலக்கை எட்டாமலே திட்டம் கைவிடப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, சிரிக்கும் குழந்தைகளின் புகைப்படம். பம்பு தண்ணீர் இறைத்ததோ இல்லையோ, அந்தப் படம் நன்கொடை இறைத்தது. பகடிக்கு வேண்டிய முரண் முழுவதும் அதற்குள் இருக்கிறது. இவற்றை அப்படியே எடுத்து எழுதாதீர்கள், ஊரறிந்த கதைகள். தர்க்கம் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கட்டமைப்பு. உங்கள் துறையிலேயே ஆயத்தமாக ஒன்று இருக்கிறது: லாக்ஃப்ரேம், அதாவது ஒரு திட்டம் முழுவதையும் ஒரே அட்டவணையில் அடக்கும் படிவம். 1969இல் அமெரிக்க உதவி முகமைக்காக உருவாக்கப்பட்டது. பிறகு ஏறக்குறைய எல்லா நிதி வழங்குநர்களும் ஏதோ ஒரு வடிவில் எடுத்துக்கொண்டார்கள். நான்கு வரிசை, நான்கு பத்தி. வரிசைகளில் இறுதி இலக்கு, நோக்கம், வெளியீடு, செயல்பாடு. பத்திகளில் விவரணை, குறியீடு (எதை எண்ணி வெற்றியை அளப்பது), சரிபார்க்கும் வழி, அனுமானங்கள். நாவலைத் தொடங்குமுன் உங்கள் கற்பனைத் திட்டத்துக்கு ஒரு முழு லாக்ஃப்ரேம் எழுதிவிடுங்கள். கேலியாக எழுதக் கூடாது. நிஜமாகவே நிதி கிடைக்கும் அளவுக்கு நேர்த்தியாக இருக்க வேண்டும். பதினாறு கட்டங்களையும் நிரப்ப ஒரு வார இறுதி போதும். அதன் பிறகு நான்காவது பத்தியைப் பாருங்கள். ‘அரசின் ஒத்துழைப்பு தொடரும்’, ‘பருவமழை வழக்கம்போல் பெய்யும்’, ‘பயனாளிகள் வசதியைப் பராமரிப்பார்கள்’. ஒவ்வோர் அனுமானமும் ஓர் அத்தியாயம். அது பொய்யாகும் தருணம் அந்த அத்தியாயத்தின் உச்சம். அது பொய்யானது அறிக்கையில் எப்படி மறைகிறது என்பது அத்தியாயத்தின் முடிவு.

காலவரிசையும் தயாராக இருக்கிறது. முன்மொழிவு, ஒப்பந்தம், தொடக்கக்கட்டப் பயிலரங்கு, கொள்முதல், அமைச்சர் வருகை, இடைக்கால மதிப்பீடு, கூடுதல் நிதியில்லாக் கால நீட்டிப்பு, இறுதி மதிப்பீடு, இரண்டாம் கட்டத்துக்கான முன்மொழிவு. மூன்றாண்டுத் திட்டத்தை ஒன்பது பகுதிகளாக வெட்டினால் நாவலுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். இந்த ஒன்பதில் எழுதுபவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது கொள்முதல். மூன்று விலைப்புள்ளிகள் வாங்கியாக வேண்டும் என்ற விதி, அந்தப் பொருளை விற்பது அந்த மாவட்டத்தில் ஒரே கடை என்ற உண்மை. இரண்டும் மோதும்போது அந்த ஒரே கடைக்காரருக்கு மூன்று பெயரில் ரசீதுப் புத்தகம் முளைக்கிறது. ஊழல் என்று சொல்லவும் முடியவில்லை, நேர்மை என்று சொல்லவும் முடியவில்லை. பகடிக்கு அதைவிட வளமான மண் இல்லை. அதேபோல நிதியாண்டு இறுதி. செலவழிக்காத பணம் திரும்பிப் போகும், அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும். ஆகவே கடைசி ஆறு வாரத்தில் நடக்கும் பயிலரங்குகள், அச்சாகும் கையேடுகள், வாங்கப்படும் ஜெனரேட்டர்கள் ஆகியவற்றின் வேகம் நாவலின் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில் வைக்கத் தோதானது. வாசகர் சோர்கிற இடமும் அதுதான்.

டைரிகளை என்ன செய்வது? முதலில் அவற்றை நாவலாக வாசிக்காதீர்கள், சரக்காக வாசியுங்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் ஓர் அட்டையில் மூன்று வரிக்குள் எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டியிருந்தது, எந்த விதி குறுக்கே வந்தது, காகிதத்தில் என்ன பதிவானது. மூன்றாவது வரி எழுத முடியாத சம்பவங்களைத் தனியே வையுங்கள். வயிற்றுப்போக்கு, உடைந்த பாலம், விசித்திர உணவு, விமானம் தாமதம் எல்லாம் அந்தக் குவியலில்தான் சேரும். அவை பயணக் கதைகள். நாவலுக்கு மணம் சேர்க்க ஐந்தாறு போதும். மூன்று வரியும் உள்ள அட்டைகள் நாற்பது தேறினால் நாவலுக்குப் போதுமான சரக்கு இருக்கிறது. பழைய மின்னஞ்சல்களில் சம்பவத்தைவிட மொழியைத் தேடுங்கள். ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’ என்ற தலைப்பின் கீழ் வந்த வாக்கியங்கள், எவரையும் குற்றம் சொல்லாமல் எல்லாவற்றையும் மழுப்பும் செயப்பாட்டு வினைகள். ‘சவால்கள் எதிர்கொள்ளப்பட்டன’ என்றால் எதிர்கொண்டது யார்? ஆளில்லாத அந்த வாக்கியத்துக்குள் ஆளைத் திரும்பக் கொண்டுவருவதே பல காட்சிகளின் வேலை. ஆனால் நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட அஞ்சலை வார்த்தை மாறாமல் எடுத்தாளக் கூடாது. பதிப்புரிமை, இரகசியக் காப்பு இரண்டிலும் சிக்கிக்கொள்வீர்கள்.

இன்னொரு நல்ல ஊற்று, விதிமுறைக் கையேடுகள். விதியைத் தலைகீழாகப் படித்தால் கதை தெரியும். நன்கொடை மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 1996இல் வகுத்த வழிகாட்டுதல்களைப் பாருங்கள்: நாட்டுக்குள் வந்து சேரும்போது மருந்துக்கு குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும், பெறும் நாட்டு மருத்துவர்களுக்குப் புரியும் மொழியில் சீட்டு இருக்க வேண்டும், நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை அனுப்பக் கூடாது. இப்படியெல்லாம் சொல்லவேண்டி வந்திருக்கிறது என்றால் அதற்குமுன் என்னென்ன அனுப்பியிருப்பார்கள்?

சம்பவம் காட்சியாவதற்கு ஓர் உதாரணம், முழுக்கக் கற்பனை. குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: ‘கட்டிக்கொடுத்த கழிப்பறைகளில் தானியம் வைத்திருக்கிறார்கள்.’ இதை இப்படியே எழுதினால் கிராமத்தாரைப் பார்த்துச் சிரிக்கும் மலிவான துணுக்கு. மூன்று வரிச் சோதனையைப் போடுங்கள். ஏன் வைத்தார்கள்? அந்த ஊரில் சிமென்ட் தரையும் தகரக் கூரையும் பூட்டுப் போடும் கதவும் உள்ள கட்டடம் அது ஒன்றுதான். எலி ஏறாது, ஈரம் அண்டாது. அவர்கள் முடிவு சரி. குறியீடு என்ன கேட்டது? ‘கட்டப்பட்ட கழிப்பறைகள்: 400’. சரிபார்க்கும் வழி, வெளியிலிருந்து எடுத்த புகைப்படம். பொறியாளர் 400 படம் அனுப்பினார். அவரும் சரி. இப்போது மதிப்பீட்டாளர் வருகிறார், ஒரு கதவைத் திறக்கச் சொல்கிறார், உள்ளே கூரைவரை மூட்டை. அவருக்கு இன்னும் நான்கு நாளில் அறிக்கை தர வேண்டும். தோல்வி என்று எழுதினால் முப்பது உள்ளூர் ஊழியருக்கு வேலை போகும், அவருக்கும் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. இரவு உட்கார்ந்து எழுதுகிறார்: ‘உணவுப் பாதுகாப்பில் எதிர்பாராத நேர்மறை விளைவு காணப்படுகிறது.’ ஆறு மாதம் கழித்துத் தலைமையகத்திலிருந்து தானியக் கிடங்குத் திட்டத்துக்கு நிதி வருகிறது. நிபந்தனை ஒன்று: எல்லாக் கட்டடத்துக்கும் காற்றோட்டத்துக்காக மேலே ஒரு குழாய் இருக்க வேண்டும், ஏனென்றால் முன்மாதிரியின் படத்தில் அது இருந்தது. கிடங்கு எழுகிறது. கிராமத்தார் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதையாவது கழிப்பறையாக வைத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்கிறார்கள்.

ஒரு வரிக் குறிப்பு மூன்று அத்தியாயமாகிவிட்டது. ஒருவரைக்கூட முட்டாளாக்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் காரணம் இருக்கிறது. வேடிக்கையை நீங்கள் எங்கும் தள்ளவில்லை, அது தானாக உருண்டது. ‘எவ்வளவு அபத்தம் பாருங்கள்’ என்று கதைசொல்லி ஒரு முறை சொன்னாலும் காட்சி செத்துவிடும். பகடியின் முகம் கல்லாக இருக்க வேண்டும்.

பாத்திரங்களுக்கு வருவோம். அறிவுள்ள, நேர்மையான, மற்றவர்களின் மடமையைக் கண்டு மனம் நோகும் வெளிநாட்டுக்காரர் கதைசொல்லியாக இருந்தால் நாவல் புகார்க் கடிதமாகிவிடும். எழுதுபவரின் ஜாடையில் உள்ள பாத்திரம்தான் மிகக் கடுமையாக அடிபட வேண்டும். அவர் செய்யும் நல்ல காரியமே பெரிய சேதத்தை விளைவிக்கும்படி கதையை அமையுங்கள். உள்ளூர் மக்களை அப்பாவிகளாகவும் ஆக்காதீர்கள், ஞானிகளாகவும் ஆக்காதீர்கள். இரண்டும் ஒரே அவமதிப்பின் இரு பக்கம். அவர்கள் இந்த ஊரில் ஐந்தாறு திட்டங்கள் வந்து போனதைப் பார்த்தவர்கள். ஒவ்வொரு திட்டமும் ஒரு குழு அமைக்கச் சொல்லும். தண்ணீர்க் குழு, வனக் குழு, மகளிர் சேமிப்புக் குழு என்று எதைத் திறந்தாலும் அதே ஏழு பேர்தான் இருப்பார்கள், பதிவேடுகள் மட்டும் வேறு. வந்தவர் யார் என்று வண்டியின் கதவில் உள்ள சின்னத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அதற்கேற்ற பதிவேட்டை எடுத்துவரும் குழுச் செயலாளர் உங்கள் நாவலின் மிகச் சிறந்த மூளையாக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரும் அப்படித்தான். நீளமான பதிலை ‘ஆமாம்’ என்று சுருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேய்ந்த நகைச்சுவை. இந்த ஆண்டு நிதி வழங்குநருக்குப் பிடித்த சொல் எது என்று தெரிந்துவைத்து, மூதாட்டியின் முதுகுவலிப் புலம்பலைப் பருவநிலைத் தாங்குதிறன் பற்றிய கருத்தாக மாற்றிக் கொடுப்பவர் இன்னும் வேலை செய்வார்.

சம்பள ஏற்றத்தாழ்வை மறக்க வேண்டாம். ஒரே மேசையில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கஷ்டப்படி, ஓய்வு விடுப்புக்கு விமானச் சீட்டு. மற்றவர் அந்தக் கஷ்டத்திலேயே பிறந்தவர் என்பதால் அவருக்குக் கஷ்டப்படி இல்லை. அதேபோலத் தினப்படி. பயிலரங்கில் கற்பதற்காக அல்ல, கையெழுத்துப் போட்டு உறையை வாங்குவதற்காகவே ஆட்கள் வருகிறார்கள் என்று எழுதினால் பாதி உண்மை. மாதச் சம்பளம் மூன்று மாதம் நிலுவையில் இருக்கும் அரசு செவிலியருக்கு நான்கு நாள் தினப்படி என்றால் என்ன என்பதையும் எழுதினால் முழு உண்மை, வேடிக்கையும் கூர்மையாகும். அவர் பயிலரங்கில் இருக்கும் நான்கு நாளும் சுகாதார நிலையம் பூட்டிக் கிடக்கும். பயிலரங்கின் தலைப்பு, சுகாதார நிலையங்களைத் திறந்துவைத்திருப்பது.

இறப்பு, பஞ்சம், போர் ஆகியவற்றை என்ன செய்வது என்பது இந்த வகையின் கடினமான பகுதி. விதி ஒன்றுதான்: துன்பப்படுபவர் வேடிக்கையின் இலக்காகக் கூடாது, ஆனால் துன்பம் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் பகடி வெறும் அலுவலக நகைச்சுவை. நடைமுறையில், ஒரு மரணத்தைச் சிரிப்பு உச்சத்தில் இருக்கும் அத்தியாயத்தின் நடுவில், அதே வறண்ட தொனியில், இரண்டே வரியில் வையுங்கள். தொனியை மாற்றி உருகினால் வாசகர் விலகிவிடுவார். நாவல் முழுவதிலும் இப்படி ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு.

நாட்டுக்குப் பெயர் வைப்பதில் பலர் சறுக்குகிறார்கள். விநோத ஒலியுள்ள கற்பனை நாடு வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தவறான சைகையைத் தருகிறது: சிரிக்க வேண்டியது இந்த மக்களைப் பார்த்து என்று. நிஜ நாடு, கற்பனை மாவட்டம், கற்பனை நிறுவனம் என்பது பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். அந்த நாட்டின் மொழியும் அரசு நடைமுறையும் தெரிந்திருந்தால் மட்டும். நிறுவனங்களின் சுருக்கப் பெயர்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். நிஜத்தில் முப்பது இருக்கும், நாவலில் நான்காவதிலேயே வாசகர் தொலைந்துபோவார்.

சட்டப் பக்கத்தை எழுதத் தொடங்கும் முன்பே பாருங்கள், முடித்த பிறகு அல்ல. முதலில் உங்கள் பழைய ஒப்பந்தத்தை எடுத்து இரகசியக் காப்புப் பிரிவைப் படியுங்கள். ஐ.நா. ஊழியர்கள், நிறுவனத்தின் நோக்கம், செயல்பாடு, நலன் ஆகியவற்றோடு தொடர்புடைய எதையும் வெளியீட்டுக்குக் கொடுக்குமுன் அனுமதி பெற வேண்டும் என்பது ஊழியர் விதி. பணியின்போது தெரிந்துகொண்ட, பகிரங்கமாகாத தகவலைக் காக்கும் கடமை வேலையை விட்ட பிறகும் தொடரும். மற்ற நிறுவனங்களின் ஒப்பந்தங்களிலும் இதைப் போன்ற வாசகங்கள் சாதாரணம்.

அடுத்தது அவதூறு. ‘இதில் வரும் பாத்திரங்கள் கற்பனையே’ என்ற வரி கேடயம் என்று நம்பாதீர்கள். 1979இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்த பின்ட்ரிம் வழக்கு இதற்குப் பாடம். ஓர் உளவியலாளரின் குழுச் சிகிச்சை அமர்வில் கலந்துகொண்ட நாவலாசிரியர், அதைப் பற்றி எழுதமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு நாவல் எழுதினார். பாத்திரத்தின் பெயரையும் தோற்றத்தையும் மாற்றியிருந்தார். ஆனால் அமர்வுகளின் நடப்பு ஒத்துப்போனது. எழுத்தாளரும் பதிப்பகமும் தோற்றார்கள். ஆளைக் காட்டிக்கொடுப்பது முடியின் நிறம் அல்ல, செய்கை. ஆகவே தலைமுடியை மாற்றிப் பயனில்லை. பதவியை, துறையை, சம்பவத்தின் காரண காரியத்தை மாற்றுங்கள். தண்ணீர்த் திட்டத்தில் நடந்தது தொழிற்பயிற்சித் திட்டத்தில் நடக்கட்டும். மேலாளர் செய்ததைக் கணக்கரும் ஓட்டுநரும் சேர்ந்து செய்யட்டும். ஒரு பாத்திரத்துக்குக் குறைந்தது மூன்று நிஜ மனிதர்களின் சரக்கு கலக்க வேண்டும். உலகத்தில் ஒருவர் மட்டுமே செய்திருக்கக்கூடிய காரியம் என்றால், எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கற்பனைப் பெயரும் காலை வாரும். 1908இல் ஓர் ஆங்கிலச் செய்தித்தாள் ஆர்டிமஸ் ஜோன்ஸ் என்ற கற்பனை ஆளை வைத்துக் கிண்டல் கட்டுரை வெளியிட்டது. அதே பெயரில் ஒரு வழக்கறிஞர் இருந்தார், வழக்குப் போட்டார், 1,750 பவுண்டு இழப்பீடு, 1909இல் அங்கே அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதை உறுதிசெய்தது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, பிறகு மாறியும் இருக்கிறது. ஆனால் பாத்திரம், நிறுவனம், ஊர் ஆகிய மூன்றின் பெயரையும் அந்தத் துறையின் ஊழியர் பட்டியல்களிலும் இணையத்திலும் தேடிப் பார்ப்பது அரை நாள் வேலை, செய்துவிடுங்கள்.

அளவு விஷயம்: தமிழில் 45,000 முதல் 60,000 சொற்கள் இந்த வகைக்குப் போதும். பகடி நீண்டால் நீர்க்கும். முதல் வரைவில் அறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், மின்னஞ்சல்கள் என்று ஆவண வடிவ அத்தியாயங்கள் எழுத ஆசை வரும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றையும் ஒன்றரைப் பக்கத்துக்குள் நிறுத்துங்கள். சலிப்பூட்டும் ஆவணத்தைப் பகடி செய்யும் பத்துப் பக்கம் பத்துப் பக்கச் சலிப்புதான். இரண்டாம் வரைவில் ஒரு வேலை மட்டும்: ஒவ்வொரு காட்சியிலும் முடிவெடுப்பவரின் காரணம் வாசகருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். காரணம் தெரியாத இடத்தில் பாத்திரம் முட்டாளாகத் தெரியும், பகடி வசையாகிவிடும்.

வாசித்துப் பார்க்க மூன்று பேரைப் பிடியுங்கள். துறையில் இருப்பவர் ஒருவர், துறையே தெரியாதவர் ஒருவர், திட்டங்கள் வந்துபோன நாட்டில் உள்ளூர் ஊழியராக இருந்தவர் ஒருவர். முதலாமவர் சிரித்து இரண்டாமவர் சிரிக்காத பக்கங்களில் துறைமொழி அதிகம். மூன்றாமவர் சிரிக்காத பக்கங்களை, மற்ற இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருந்தாலும், மறுபடி எழுதுங்கள். அவர் நேரத்துக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டு ஆலோசகருக்குக் கொடுக்கும் விகிதத்திலேயே.